சுத்தபோசனம்

கடலூர் முதுநகர்
24 ஏப்ரல் 2025

ஜெயமேரிக்கு,

மேலே சிலுவை போட்டு ஸ்தோத்திரம் எழுதித்தான் எந்தக் கடிதத்தையும் ஆரம்பிப்பேன். இதற்கு மனசு வரவில்லை.

நேற்று நம் மகள் ஷாலினி போன் செய்தாள். "அப்பா, நீங்களும் அம்மாவும் போன்ல பேசுனா இங்க தெருவே நின்னு கேக்குது. புள்ள முழிச்சிக்குது. எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க, இவரு கொண்டாந்து குடுப்பாரு" என்றாள். மாப்பிள்ளை ஜெனித் தினமும் சிதம்பரத்திலிருந்து மஞ்சக்குப்பம் ஆபீசுக்கு பஸ்ஸில் வந்து போகிறவர். அவருடைய சாப்பாட்டுப் பையில்தான் இது வருகிறது. குழம்புக் கறை இருந்தால் என்னைக் கேட்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். பெரிய வியாழன் பூசையில் பாதம் கழுவ உட்கார்ந்த பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். ஃபாதர் தண்ணீர் ஊற்றும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். துண்டு கட்டைவிரலில் பட்டதும் கத்திவிட்டேன். பாட்டுக்காரர்கள்கூடப் பாட்டை நிறுத்தினார்கள். சரி, அது என் தலையெழுத்து. ஆனால் பூசை முடிந்து வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் அத்தனை பேர் முன்னால் நீ என்ன சொன்னாய்? "ஒருசந்தி இருந்த மனுசனுக்கு காலு இப்படியா வீங்கும்? திருட்டுத்தனமா கறி தின்னுருக்காரு" என்றாய்.

ஷாலினிக்குக் குழந்தை குறைமாதத்தில் பிறந்து பிழைத்ததற்கு நேர்ந்துகொண்ட ஒருசந்தி நோன்பு அது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் பூசை முடியும்வரை ஆடு, மாடு, கோழி எதையும் நான் தொடவில்லை. பீரைக் கண்ணால் பார்க்கவில்லை.

எங்கே நின்று சொன்னாயோ அங்கேயே நின்று, நான் கறி கலக்காத சுத்தபோசனம்தான் சாப்பிட்டேன் என்று நீ சொல்ல வேண்டும். அதுவரை இந்த வீட்டுப் படி ஏறாதே.

ரசப்பொடி டப்பா எங்கே?

மரியலூர்து


சிதம்பரம்
28 ஏப்ரல் 2025

ஷாலினி அப்பாவுக்கு,

ரசப்பொடி மூன்றாவது தட்டில், பச்சை மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது. முப்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறது.

படி ஏறாதே என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறி இறங்கி எனக்கும் அலுத்துவிட்டது. இங்கே பேரப்பிள்ளைக்குப் பல் முளைக்கிறது, ராத்திரி பகல் கிடையாது. ஆனாலும் ஒருவரும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவதில்லை.

நான் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவள் இல்லை. தவக்காலத்துக்கு முன்னால் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தீர்கள். யூரிக் ஆசிட் ஏழே முக்கால் என்று வந்தது. பெரிய வாரத் திங்கட்கிழமை மறுபடி கொடுத்தீர்கள். ஒன்பதரைக்கு மேலே. "கறியை நிறுத்துங்க, குடியை நிறுத்துங்க, தானா எறங்கும்" என்று அந்தப் பழைய டாக்டர் சொன்னது உங்கள் காதிலும் விழுந்ததுதானே? நிறுத்தினவருக்கு ஏன் ஏறுகிறது?

என் அடுப்பில் கறி ஏறவில்லை. அது எனக்கும் ஆண்டவருக்கும் தெரியும். கறி இல்லாமல் உங்களுக்குச் சோறு இறங்காதே என்று நெத்திலியை மொறுமொறுவென்று வறுத்துப் போட்டேன். மத்திக் குழம்பு வைத்தேன். மீன் வராத நாளில் கருவாட்டுத் தொக்கு. சுத்தபோசனம் என்று சொல்லிக்கொண்டு இவ்வளவு ருசியாக எந்த வீட்டில் ஆக்கிப் போட்டார்கள், சொல்லுங்கள். அப்படியும் எண் ஏறுகிறதென்றால் வெளியே எங்கேயோ வாய் வைத்திருக்கிறீர்கள். பண்ருட்டிக்கு மீன் பாக்கி கேட்கப் போகிறேன் என்று அடிக்கடி போனீர்கள். அந்த பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கறிக்கடை இருக்கிறது.

போன வருஷம் இளவரசு வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணி தின்றுவிட்டு வந்து, தயிர்சாதம்தான் சாப்பிட்டேன் என்று என் தலையில் கை வைத்துச் சொன்னது நீங்கள்தானே? ராத்திரியே கால் வீங்கிக் காட்டிக்கொடுத்தது. பிறகு எப்படி நம்புவேன்? குழந்தைக்கு நேர்ந்த நேர்ச்சை. அதில் விளையாடினால் பிள்ளைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தில்தான் கத்தினேன்.

ஜெயமேரி


கடலூர் முதுநகர்
3 மே 2025

ஜெயமேரிக்கு,

இளவரசு வீட்டுப் பிரியாணியை ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் கால் கொடுத்த தண்டனை போதும். அதை வைத்து இதைச் சொல்லாதே.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீ கேட்க வேண்டாம். ஈஸ்டர் மறுநாள் நண்டு மசாலாவும் இரண்டு பீரும் சாப்பிட்டேன். செய்யாததற்குப் பேர் வாங்கியாயிற்று, செய்தே பார்ப்போம் என்ற வீம்புதான். அன்று கால்மேல் விழுந்த வேட்டி நுனிகூட நெருப்பாக இருந்தது. ஃபேன் காற்று பட்டால் வலிக்கிறது என்றால் நீ நம்பமாட்டாய். எதைத்தான் நம்புகிறாய்?

மீன்பிடித் தடைக்காலம் ஆகையால் பெரிய போட்டெல்லாம் கரையில் கிடக்கிறது. ஃபைபர் படகு மட்டும்தான். ஆட்டோ பிடித்து தேவனாம்பட்டினம் போய், ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து, காலை ஒரு கூடைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஏலம் கூறுகிறேன். நேற்று கதிர்வேல் படகு வந்தது. கூடையில் மேலே பெரிசு, கீழே பொடிசு என்கிற வேலையெல்லாம் இல்லை, எல்லாம் ஒரே அளவு மீன் என்று சொன்னேன். எப்போதும் என் வாயை நம்பித்தான் எடுப்பார்கள். நேற்று ஒரு வியாபாரி கூடையைக் கவிழ்த்துப் பார்த்தான். "மாமா, தப்பா நெனச்சுக்காத. ஒருசந்தியிலயே டபாய்ச்ச ஆளுன்னு பேசிக்கிறாங்க" என்றான்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கதிர்வேலும் சிரித்தான்.

எனக்கு இருப்பது இந்த வாய் ஒன்றுதான், ஜெயமேரி. அதைத்தான் நீ வேப்பமரத்தடியில் கவிழ்த்துவிட்டுப் போனாய்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஏலம் முடிந்ததும் வழக்கம்போலக் குழம்புக்கு ஒரு கை நெத்திலி தருகிறார்கள். நானே வறுத்துக்கொள்கிறேன். கறி பக்கம் போகவில்லை. குடியையும் விட்டாயிற்று, அந்த நேரத்துக்குக் கலர் சோடா வாங்கிக் குடிக்கிறேன். அப்படியும் கால் இறங்கக் காணோம்.

மரியலூர்து


சிதம்பரம்
7 மே 2025

ஷாலினி அப்பாவுக்கு,

கதிர்வேலுக்கு நான் ஒரு நாள் வைத்துக்கொள்கிறேன். அவன் கல்யாணத்தில் அவனே குடித்துவிட்டு விழுந்ததை ஊரே பார்த்தது. அவனெல்லாம் சிரிக்கிறானா?

ஆனால் நான் சொன்னது சொன்னதுதான். எண் ஏறியிருக்கிறது. உங்களை நம்ப வேண்டும் என்று எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஒரு காரணம் கொடுங்கள், நம்புகிறேன்.

காலைத் தலையணைமேல் வைத்துப் படுங்கள். மாப்பிள்ளையிடம் கொள்ளுப்பொடி கொடுத்தனுப்பியிருக்கிறேன். பருப்பு கூடாது, கீரை கூடாது, தக்காளி கூடாது என்று இங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எல்லாவற்றையும் கேட்டால் மனுஷன் காற்றைத்தான் குடிக்க வேண்டும். நீங்கள் மீனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுதான் உடம்புக்கு லேசு.

பக்கத்து வீட்டில் சின்னம்மாள் என்று ஒரு நல்ல பெண்பிள்ளை இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் கொளஞ்சியப்பன் காலேஜில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். அவரும் காலை நொண்டிக்கொண்டுதான் நடக்கிறார். ஆனால் மனைவியை வையாமல் நொண்டுகிறார்.

ஜெயமேரி


கடலூர் முதுநகர்
12 மே 2025

ஜெயமேரிக்கு,

ஸ்தோத்திரம்.

மாப்பிள்ளை ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டு என்னை மஞ்சக்குப்பத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். சின்ன வயசுப் பெண். வாயைத் திற, நாக்கை நீட்டு என்று சொல்லாமல், காலையிலிருந்து ராத்திரி வரை என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். நிறைய நேரம் கேட்டாள்.

தினமும் ஒரு மாத்திரை, விடாமல். தண்ணீர் நிறைய. ஒருசந்தி இருந்தாலும் தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாதாம். கலர் சோடாவும் பீருக்கு அண்ணன் தம்பிதானாம். மோர், முட்டை, காய்கறி சாப்பிடலாம். பருப்பு, கீரைக்குப் பயப்பட வேண்டாம். வேறு சிலதைக் குறைக்கச் சொன்னாள். குறைக்கிறேன்.

யோசித்துப் பார்த்தேன். வேப்பமரத்தடி விஷயத்தை விட்டுவிடு. நீ எங்கேயும் எதுவும் சொல்ல வேண்டாம். நான் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பேசுகிறவர்கள் பேசிவிட்டுப் போகட்டும்.

குழந்தைக்குப் பல் வந்துவிட்டதா?

மரியலூர்து


சிதம்பரம்
15 மே 2025

ஷாலினி அப்பாவுக்கு,

பல் வந்துவிட்டது. கீழே, முன்பல்.

விட்டுவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். எதை விடுவது? குதியாய்க் குதித்தவர், படி ஏறாதே என்றவர், டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் சுருண்டு படுத்துவிட்டீர்கள். அந்தப் பெண் மூஞ்சிக்கு நேராகக் கேட்டிருப்பாள், உங்களால் மறைக்க முடிந்திருக்காது. மாப்பிள்ளையைக் கேட்டால் "ஒண்ணுமில்லீங்க அத்தை" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகிறார். மாமனாரும் மருமகனும் ஒன்று சேர்ந்துகொண்டீர்கள்.

ஆக, கறி தின்றது உண்மை. ஒப்புக்கொள்ள வாய் வராமல் விட்டுவிடு என்கிறீர்கள். உங்கள் முதல் கடிதத்தைப் படித்துவிட்டு, ஒருவேளை நான்தான் அவசரப்பட்டுவிட்டேனோ என்று ஒரு ராத்திரி முழுக்க அழுதேன். இப்போது அந்த அழுகைக்காக என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

இனிமேல் எழுதாதீர்கள். ஷாலினி வேலைக்குப் போகிறாள், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன்.

ஜெயமேரி


சிதம்பரம்
19 மே 2025

ஷாலினி அப்பாவுக்கு,

எழுதாதீர்கள் என்று சொன்னவளே எழுதுகிறேன்.

நேற்று இங்கே நெத்திலி வாங்கி வறுத்தேன். ஒரு தட்டில் வைத்து மூடி சின்னம்மாள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"அய்யய்யோ, நெத்திலியா? வேணாங்கக்கா, கோவிச்சிக்காதீங்க. எங்கூட்டு அவருக்கு யூரிக் ஆசிட். நெத்திலி, மத்தி, கருவாடு மூணும் வூட்டுக்குள்ளயே வரக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

"கறிதானே கூடாது? மீனு நல்லதாச்சே" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தாங்கக்கா நெனைக்கிறோம். நானும் அவருக்கு கறிய நிறுத்திட்டு நாள் தவறாம நெத்திலி போட்டேன். ரெண்டு மாசம் படுத்த படுக்கை. ஆட்டுக்கறிய விட நெத்திலிதான் ஜாஸ்தின்னு அப்புறந்தான் தெரிஞ்சுது."

தட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் மாப்பிள்ளை வந்ததும் கதவை மறித்துக்கொண்டு கேட்டேன். அதற்குப் பிறகுதான் சொன்னார். அந்த டாக்டர் பெண் உங்களிடம் கேட்டதும் நெத்திலி, மத்தி, கருவாடு என்று நீங்கள் ஒவ்வொன்றாகச் சொன்னீர்களாம். அவள் பேனாவை வைத்துவிட்டு, "அய்யா, தவக்காலம் முழுக்க இதுதான் சாப்பிட்டீங்களா? அப்ப ஏறத்தானே செய்யும்" என்றாளாம். உங்களை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது நீங்கள் மாப்பிள்ளை கையைப் பிடித்து, "இத உங்க அத்தைகிட்ட சொல்லிடாதீங்க" என்றீர்களாம்.

நீங்கள் கறி தின்னவில்லை. நான்தான் தினம் தினம் வறுத்து வறுத்துப் போட்டேன். என் கையால்தான் அந்தக் கால் வீங்கியது. அதே கால் வீங்கியதற்குத்தான் ஊர் கேட்க உங்களைப் பொய்யர் என்றேன்.

ஒரு காரணம் கொடுங்கள் என்று நான் எழுதிக் கேட்டேனே? காரணம் கையில் கிடைத்தபோது ஏன் கொடுக்கவில்லை? அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் போதுமே, நான் பதினைந்தாம் தேதிக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேனே. ஏன் எழுதவில்லை? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஜெயமேரி


கடலூர் முதுநகர்
22 மே 2025

ஜெயமேரிக்கு,

ஸ்தோத்திரம்.

மாப்பிள்ளை வாயைத் திறக்கமாட்டார் என்று நம்பினேன். நீ கதவை மறித்தால் பாவம் அவர்தான் என்ன செய்வார்.

ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறாய். டாக்டர் வீட்டு வாசலில் இறங்கும்போது எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அடேயப்பா, இன்றைக்கே எழுதி இவள் மூக்கை உடைக்கிறேன் என்று பேப்பர்கூட வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், நீ அடுப்பு முன்னால் நிற்கிறது ஞாபகம் வந்தது. தவக்காலத்தில் நீயும்தான் ஒருசந்தி. உனக்கு வெறும் கஞ்சி, எனக்கு மட்டும் வறுவல். கறி இல்லாமல் இவன் கஷ்டப்படுவானே என்று வியர்க்க வியர்க்க நின்று வறுத்தாய்.

இதைச் சொன்னால் இனிமேல் நீ எனக்கு ஒரு கரண்டி சோறு போடும்போதும் பயந்து பயந்து போடுவாய். இதில் ஏதாவது இருக்குமோ, அதில் ஏதாவது இருக்குமோ என்று. எனக்கு அந்தச் சோறு வேண்டாம். நான் பொய்யனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று தோன்றியது. பேப்பரில் வேறு என்னத்தையோ எழுதி அனுப்பினேன்.

அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. மீன் விஷயத்தில் உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த டாக்டர் சொல்லும்வரை எனக்கே தெரியாது, மீனைத் தொட்டே பிழைக்கிறவன். நீ என்னை நம்பவில்லையே, அதுதான் இன்னும் அடைத்துக்கொண்டு நிற்கிறது.

இப்போது குழம்பு மீனை நான் எடுத்துக்கொள்வதில்லை. கூடை சுமக்கிற மாரியம்மாளிடம் கொடுத்துவிடுகிறேன். வீக்கம் வடிந்துவிட்டது, செருப்பு நுழைகிறது.

மரியலூர்து


கடலூர் முதுநகர்
26 மே 2025

ஜெயமேரிக்கு,

இன்று காலை மாரியம்மாள் வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். நேற்று ஞாயிறு முதல் பூசைக்கு நீ வந்திருக்கிறாய். நான் இரண்டாம் பூசைக்குப் போகிறவன் என்று தெரிந்தேதான் வந்திருக்கிறாய். இரண்டாம் பூசையில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

பூசை முடிந்ததும் வேப்பமரத்தடியில் நின்று, கலைந்து போனவர்களைக்கூடக் கூப்பிட்டு நிறுத்தினாயாம். "எங்க வீட்டுக்காரரு ஒருசந்திய முறிக்கல. கறி தின்னாருன்னு நான் சொன்னது பொய். நான் வறுத்துப் போட்ட நெத்திலியாலதான் அவரு காலு வீங்குச்சு. அவரு வாயில வந்தது அத்தனையும் நெசம்" என்றாயாம். ஃபாதர் அங்கியைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்து நின்று கேட்டாராம். பெண்பிள்ளைகள் எல்லாம் நெத்திலி கூடாதா, அப்போ வஞ்சிரம் ஆகுமா, சுறா ஆகுமா என்று உன்னைச் சூழ்ந்துகொண்டார்களாம். நீ டாக்டர் மாதிரி பதில் சொல்லிக்கொண்டிருந்தாயாம்.

இன்று தேவனாம்பட்டினத்தில் யாரும் கூடையைக் கவிழ்க்கவில்லை. கதிர்வேல் மட்டும் தலையைச் சொரிந்துகொண்டு, "மாமா, காலு எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

எல்லாம் சரி. அந்த மரத்தடியிலிருந்து நம் வீடு கூப்பிடு தூரம். நான் உள்ளே முட்டை அவித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு தூரம் வந்தவள் வீட்டுக்கு ஏன் வராமல் போனாய்?

மரியலூர்து


சிதம்பரம்
28 மே 2025

ஷாலினி அப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ்.

தெருமுனை வரைக்கும் வந்தேன். ஜன்னலில் உங்கள் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. சரியாகப் பிழியவில்லை, சொட்டிக்கொண்டிருந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி படித்துப் பாருங்கள் என்று சொல்லலாம், ஆனால் அவை என்னிடம் இருக்கின்றன. நானே படித்தேன். சொல்லு என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லாதே என்று எழுதியிருக்கிறீர்கள். விட்டுவிடு, படி ஏறாதே, ரசப்பொடி எங்கே, எல்லாம் இருக்கிறது. "வா" என்று ஓர் இடத்தில்கூட இல்லை. ஏன் வராமல் போனாய் என்று கேட்கிறீர்களே, அதுவும் வா என்பது ஆகாது.

படி ஏறாதே என்று எழுதின வீட்டுக்கு நானாக எப்படி வருவேன்? எனக்கும் ரோஷம் இருக்காதா?

முட்டையை ரொம்ப நேரம் அவிக்காதீர்கள். மாத்திரையை மறக்காதீர்கள்.

ஜெயமேரி


சிதம்பரம்
30 மே 2025

ஜெயமேரிக்கு,

ஸ்தோத்திரம்.

மேலே சிதம்பரம் என்று போட்டிருப்பதைப் பார்த்து முழிக்காதே. சின்னம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா கொளஞ்சியப்பனுடையது. நாற்காலி போட்டு, ஒரு சொம்பு மோர் கொடுத்தார். இரண்டு பேரும் கால் கட்டைவிரலை நீட்டிப் பார்த்துக்கொண்டோம். அவருடையதுதான் பெரிசு.

நீ சொன்னது சரி. எழுதவில்லை. வீட்டில் உட்கார்ந்து எழுதி மாப்பிள்ளை பையில் போடத்தான் நினைத்தேன். ஓர் எழுத்துக்கு எதற்குக் கவர், எதற்கு இன்னொருத்தர் என்று காலையில் பஸ் ஏறிவிட்டேன். சீட் கிடைக்கவில்லை. நின்றுகொண்டேதான் வந்தேன். கால் தாங்கியது, இப்போதுதான் கொஞ்சம் கடுக்கிறது.

அடுப்பு உன்னுடையதுதான். நீ என்ன போட்டாலும் சாப்பிடுவேன், கேள்வி கேட்கமாட்டேன். தப்பாகப் போனால் அந்த டாக்டர் பெண் இருக்கிறாள், மாத்திரை இருக்கிறது. நீ பயப்படாமல் போடு, அது போதும்.

இந்தக் கடிதத்தைச் சின்னம்மாள் உன்னிடம் கொண்டுவந்து கொடுப்பாள். படித்து முடித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிடாதே. நான் உன் கதவுக்கு வெளியேதான் நிற்கிறேன்.

வா, ஜெயமேரி.

சீக்கிரம் திற, கால் வலிக்கிறது.

மரியலூர்து